கண்ணும் கணக்கும்

பொருள்களை அறிதற்கு நம் முன்னோர் வகுத்த வழிகளை அளவைகள் என்பர். அவற்றின் தொகையில் சமயந்தோறும் வேறுபாடு உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவை பத்து எனப் பேசப்படும். 29ஆம் காதையிலோ அறவண அடிகள் இரண்டே போதும் என்பர். அவ்விரண்டாவன காட்சியும் கருதலும். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்வது கருதல். மலைமேல் புகை கண்டு அங்கே தீ உண்டு என்று கொள்வது கருதலுக்கு வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. பனியைப் புகையென்று மயங்கினவன் இல்லாத தீயை உண்டென்பான் என்பதும் அதனுடன் வரும் எச்சரிக்கை.

இப்பழைய நூற்பொருளை நாள்தோறும் நம் கையிலேயே வைத்துச் சோதிக்கத்தக்க கருவி ஒன்று இன்று உண்டு. அஃது இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் உலாவி. குரோம், சபாரி, பயர்பாக்ஸ் என்னும் பெயர்களால் அதனை யாவரும் அறிவர். நாம் காண்பதற்கென்றே அமைந்த அக்கருவிக்குக் கண் இல்லை. தான் வரைந்த பக்கத்தில் எப்பகுதி நமக்குத் தெரிகின்றது, எப்பகுதி தெரியவில்லை என்பதை அது கணக்கிட்டே அறிகின்றது. அஃதாவது, அதன் அறிவு முழுவதும் கருதலால் வந்தது. அக்கணக்குத் தவறும்போது, இருக்கும் பொருள் திரையில் இல்லாது போகின்றது. இல்லாத பொருள் இருப்பதாக எண்ணப்படுகின்றது. கணினித் துறையினர் இத்தகைய பிழையைத் தமிழில் வழு என்றே வழங்குகின்றனர். வடிவம் மாற்றப்பட்ட உறுப்புகளின்பால் இவ்வழு ஏன் நேர்கின்றது, அதனால் இழப்பு யாருக்கு, அதனை எவ்வாறு நோக்குதல் தகும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் உலாவியின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். 1989ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ என்பார் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உலகளாவிய வலைக்குரிய திட்டத்தை வரைந்தார். அதே நிலையத்திலிருந்து 1994ஆம் ஆண்டில் ஹோக்கன் வியூம் லீ என்பார், பக்கங்களின் தோற்றத்தை வகுத்துரைக்கும் சி.எஸ்.எஸ். என்னும் நடைவிதிகளை முன்மொழிந்தார். அவற்றின் முதற்பதிப்பு 1996இல் நிலைபெற்றது. அன்றுமுதல் உலாவியின் வேலை மூன்று படிகளாக நிகழ்கின்றது எனலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் பக்கத்தில் இடம் வகுத்தல் ஒன்று. வகுத்த இடத்தில் அதனை வரைதல் இரண்டு. வரைந்த படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்புதல் மூன்று. நாம் பக்கத்தை விரலால் நகர்த்தும்போது இவ்வேலை நொடிக்கு 60 முறை நிகழவேண்டும். ஒரு முறைக்குக் கிடைக்கும் காலம் நொடியின் ஆயிரத்திலொரு கூறுகளில் ஏறக்குறைய 16.7 மட்டுமே.

இவ்வளவு குறுகிய காலத்தில் பெரிய பக்கம் முழுவதையும் வரைதல் இயலாது. ஆதலின், தெரியாத பகுதியை வரையாது விடுதல் என்னும் சிக்கனத்தை உலாவி மேற்கொள்கின்றது. நாடக மேடையில் திரைக்குப் பின்னால் நிற்கும் தூண்களுக்கு வண்ணம் பூசுவார் இல்லை அன்றோ? அதுபோலத் திரைக்கு வெளியே கிடக்கும் படங்களை உலாவி சிலபோது இறக்காது விடுகின்றது. மற்றொன்றால் முற்றும் மூடப்பட்டதை வரைவதில்லை. இச்சிக்கனம் இல்லையேல் நம் கைப்பேசிகள் சூடேறி மின்கலம் விரைவில் வறண்டுபோகும். எனவே, சிக்கனத்தை நாம் குறைகூறவில்லை. சிக்கனத்துக்கு முன்னே செய்யப்படும் தீர்ப்பு, அஃதாவது இது தெரியும், இது தெரியாது என்னும் தீர்ப்பே, ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

உறுப்புகள் யாவும் நேர்க்கோட்டுப் பெட்டிகளாக இருந்தவரையில் அத்தீர்ப்பு எளிதாக இருந்தது. பெட்டியின் இடம், வலம், மேல், கீழ் என்னும் நான்கு எண்களைத் திரையின் நான்கு எண்களோடு ஒப்பிட்டால் போதும். 2007ஆம் ஆண்டில் சபாரி உலாவியின் அடிப்படையாகிய வெப்கிட்டில் உருமாற்றம் என்னும் புதிய விதி புகுந்தது. அதனைக் கொண்டு ஓர் உறுப்பைச் சுழற்றலாம், பெருக்கலாம், சுருக்கலாம், சாய்க்கலாம், வேறிடத்துக்குத் தள்ளலாம். பின்னர் முப்பரிமாணத்தில் திருப்பவும் வழி பிறந்தது. புத்தகத்தின் ஏடு புரளுவதுபோலப் பக்கங்கள் புரண்டன. அட்டைகள் முன்பின்னாகத் திரும்பின. காண்பார் மகிழ்ந்தனர்.

ஆயின், இவ்வுருமாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. உறுப்புக்கு முதலில் வகுத்த இடம் மாறுவதில்லை. அதன் தோற்றம் மட்டுமே மாறுகின்றது. ஒருவருடைய பெயர் ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்க, அவர் வேறோர் ஊரில் குடியிருப்பதைப் போன்றது இது. பட்டியலைப் பார்த்துத் தேடுவோன் ஓர் ஊருக்குச் செல்வான். ஆளைக் கண்டவன் மற்றோர் ஊரைச் சொல்வான். இருவரும் பொய்யர் அல்லர். உலாவியினுள்ளும் இவ்வாறு ஓர் உறுப்புக்கு இரண்டு இடங்கள் உண்டாயின: வகுத்த இடம் ஒன்று, தோன்றும் இடம் ஒன்று. தெரிகின்றதா என்னும் வினாவுக்கு எவ்விடத்தைக் கொண்டு விடை கூறுவது? வழு பிறக்கும் முதல் வாயில் இதுவே. திரைக்கு வெளியே இடம் வகுக்கப்பட்டு, உருமாற்றத்தால் திரைக்குள் தள்ளப்பட்ட ஒரு படத்தை, வகுத்த இடத்தை மட்டும் நோக்கும் கணக்கு இல்லையென்றே கூறும். படம் இறக்கப்படாது, அங்கே வெற்றிடம் தோன்றும்.

தோன்றும் இடத்தையே நோக்கினாலும் வழு நீங்குவதில்லை. சுழற்றப்பட்ட உறுப்பைச் சுற்றி நேரான ஒரு பெட்டியை வரைந்து, அப்பெட்டியையே உறுப்பாகக் கொள்வது பெருவழக்கு. 100 பிக்சல் பக்கமுள்ள ஒரு சதுரத்தை 45 பாகை சுழற்றினால், அதனைச் சுற்றிய பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 141 பிக்சல் ஆகும். சதுரத்தின் பரப்பு 10,000. பெட்டியின் பரப்பு 20,000. பாதி வெறுமை. 400 பிக்சல் நீளமும் 4 பிக்சல் அகலமும் உள்ள ஒரு கோலை அவ்வாறே சுழற்றினால் நிலைமை இன்னும் வியப்பானது. கோலின் பரப்பு 1,600. அதனைச் சுற்றிய பெட்டியின் பரப்பு 81,608. பெட்டியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட உறுப்பு இல்லை. இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்ந்த அக்கோலின் பெட்டியில், வலப்பக்க மேற்காற்பகுதி மட்டும் நமக்குத் தெரியும் பரப்பினுள் விழுவதாகக் கொள்வோம். கணக்கு, உறுப்பில் 25 விழுக்காடு தெரிகின்றது என்னும். கண்ணுக்கோ பெட்டியின் நடுவில் ஒரு சிறு முனையன்றி வேறொன்றும் தெரியாது. பனியைப் புகையென்ற கதை இதுவன்றோ?

முப்பரிமாணத்தில் வரும் வழு இதனினும் விந்தையானது. அண்மையில் உள்ளது பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் தோன்றுதற்கு உலாவி ஒரு வகுத்தலைச் செய்கின்றது. காண்போன் திரைக்கு 1,000 பிக்சல் முன்னால் நிற்பதாகக் கொண்டால், திரையிலிருந்து அவனை நோக்கி 500 பிக்சல் வந்த புள்ளி இருமடங்கு பெருகித் தோன்றும். 1,000ஐ 500ஆல் வகுத்தால் 2 வரும் ஆதலின். புள்ளி 1,000 பிக்சல் வந்துவிட்டால் வகுக்கும் எண் சுழியாகிவிடும்; விடையே இல்லை. 1,200 பிக்சல் வந்தால் புள்ளி காண்போன் கண்ணுக்குப் பின்னால் சென்றுவிட்டது என்பது பொருள். அப்போது வகுத்தலின் விடை கழித்தல் ஐந்து. நடுவிலிருந்து வலப்பக்கம் 300 பிக்சலில் இருந்த புள்ளி, இடப்பக்கம் 1,500 பிக்சலில் இருப்பதாகக் கணக்கு கூறும். திரும்பும் ஒரு பெரிய அட்டையின் ஒரு மூலை இவ்வாறு கண்ணுக்குப் பின்னால் சென்றால், நான்கு மூலைகளையும் கொண்டு வரைந்த பெட்டி முற்றும் தவறாகிவிடும். நம் கண்முன் நிற்கும் அட்டை திரைக்கு வெளியே உள்ளதாகத் தீர்ப்புப் பெற்று வரையப்படாமல் மறைந்துபோகக்கூடும். கண்ணுக்குப் பின்னுள்ள பகுதியை முதலில் வெட்டி நீக்கி, எஞ்சியதை மட்டும் கணக்கிடுவதே இதற்கு மருந்து. மருந்து அறியாதது அன்று. ஆனால், அதனைக் கணக்கு நிகழும் ஒவ்வோரிடத்திலும் மறவாது இடவேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் வழு அவ்விடத்தில் முளைக்கும்.

இவை உலாவியின் உள்ளே நிகழும் கணக்குகள். பக்கங்களை எழுதுவோர் கேட்கும் வினாக்களுக்கு உலாவிகளும் நிரல்நூலகங்களும் தரும் விடைகளையும் நோக்குவோம். 2006ஆம் ஆண்டில் ஜான் ரெசிக் என்பார் வெளியிட்ட ஜேக்வெரி என்னும் நூலகம், ஓர் உறுப்பு பக்கத்தில் இடம் பெற்றிருந்தால் அதனைத் தெரிவதாகவே கொள்ளும். முற்றும் ஒளி ஊடுருவும்படி ஆக்கப்பட்டதும் அதன் கணக்கில் தெரிவதே. 2022ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் இடம்பெற்ற செக்விசிபிலிட்டி என்னும் வினா, பெயரளவில் புலப்பாட்டைச் சோதிப்பது. ஆயினும், உருமாற்றத்தால் சுழி அளவுக்குச் சுருக்கப்பட்ட உறுப்பைக் குறித்து அதனைக் கேட்டால், ஆம், தெரிகின்றது என்றே விடை வரும். உருமாற்றத்தை நோக்குதல் அதன் வேலையன்று. இணையப் பக்கங்களைத் தாமே இயக்கிச் சோதிக்கும் வெப்டிரைவர் முறை 2018இல் உலகத் தரமாயிற்று. அத்தரம் புலப்பாட்டுக்கு ஓர் அறுதியான வரையறை செய்யவில்லை. பின்னிணைப்பில் தான் பரிந்துரைக்கும் முறை ஒரு தோராயமே என்று தானே ஒப்புக்கொள்கின்றது. அவ்வொப்புதலை நாம் போற்றுகின்றோம். தன் அளவையின் எல்லையை அறிந்து கூறுவது அறிவுடைமை.

இவ்வளவும் கூறியபின், ஒருசிலர் நகைத்து, ஒரு படம் ஓரிடத்தில் தோன்றாமல் போனால் உலகம் முழுகிவிடுமோ என்று வினவலாம். அவர்க்கு விடையாக மூன்று செய்திகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது பொருட்செய்தி. இணைய விளம்பரங்களுக்குரிய கட்டணம், அவை காணப்பட்டனவா என்பதைப் பொறுத்துக் கணக்கிடப்படுகின்றது. விளம்பரத்தின் பிக்சல்களில் பாதியேனும் ஒரு நொடியேனும் திரையில் இருந்தால் அது காணத்தக்கதாயிற்று என்பது அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014இல் நிலைநாட்டிய அளவு. இத்தகைய அளவைகளுக்குப் பயன்படும் இன்டர்செக்ஷன் அப்சர்வர் என்னும் கருவி 2016இல் குரோமிலும் 2019க்குள் பிற பெரிய உலாவிகளிலும் வந்தது. அக்கருவி பெட்டிகளின் பரப்பையே ஒப்பிடுகின்றது. ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கிடப்பதை அதன் முதற்பதிப்பு அறியாது. எனவே, பிறிதொன்றால் மூடப்பட்ட விளம்பரத்துக்கும் பணம் கைமாறக்கூடும்.

இரண்டாவது பாதுகாப்புச் செய்தி. 2008ஆம் ஆண்டில் ராபர்ட் ஹான்சன், ஜெரமையா கிராஸ்மன் என்னும் இருவர், கிளிக்ஜாக்கிங் என்று பெயரிட்டு ஒரு வஞ்சகத்தை உலகுக்கு வெளிப்படுத்தினர். நம்பத்தகுந்த தளத்தின் பொத்தான் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாதபடி மேலே வைத்து, அதன் அடியில் வேறொரு கவர்ச்சியான பொத்தானைக் காட்டுவர். பயனர் கண்டது ஒன்று, அழுத்தியது மற்றொன்று. பரிசு பெறுவதாக எண்ணி அழுத்தியவர் தம் பணத்தை அனுப்புதற்கு இசைவு தந்துவிடக்கூடும். இங்கே தெரிகின்றது என்று கணக்குத் தவறாகக் கூறுமாயின், கள்வனுக்குத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டதாக முடியும்.

மூன்றாவது செய்தி நம் போன்ற மாணாக்கரை மிகவும் அணுகி நிற்பது. பாடங்களை நினைவிலிருத்துதற்கு முன்பக்கத்தில் வினாவும் பின்பக்கத்தில் விடையும் எழுதிய அட்டைகளைப் பலர் பயன்படுத்துவர். இணையத்தில் அவ்வட்டைகளை முப்பரிமாண உருமாற்றத்தால் திருப்பிக் காட்டுவர். திரும்பாத நிலையில் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு விதியால் மறைப்பர். கண்பார்வை உடையவர்க்கு அது மறைந்ததே. கண்பார்வை இல்லாத மாணாக்கர் திரையிலுள்ளதை ஒலியாக வாசிக்கும் செயலியைக் கொண்டு படிக்கின்றனர். அவ்விதி தோற்றத்தை மட்டுமே மறைக்கின்றது. வாசிக்கும் செயலிக்கு உறுப்பை மறைப்பதில்லை. ஆகவே, வினாவை வாசித்த குரல் தொடர்ந்து விடையையும் வாசித்துவிடுகின்றது. தாமே எண்ணிப் பார்த்தற்குரிய இடைவெளி அம்மாணாக்கருக்குக் கிடைப்பதில்லை. இவ்வாறே சுழி அளவுக்குச் சுருக்கி மறைத்த பட்டியல்களும் பொத்தான்களும், விசைப்பலகையால் மட்டும் இயங்குவோர்க்குக் கண்காணாத குழிகளாகின்றன. தாவல்விசையை அழுத்த அழுத்தக் குறி எங்கோ செல்கின்றது. எங்கு நிற்கின்றது என்பது தெரிவதில்லை. இங்கே உலாவி தன் விதிப்படியே நடந்தது. தெரியவில்லை என்னும் சொல்லைப் பக்கம் எழுதினவர் தம் கண்ணளவில் மட்டும் பொருள்கொண்டார். பிழை அங்கே விளைந்தது.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். தெரிகின்றதா என்பது ஒரு வினாவைப் போலக் காணப்படினும், உண்மையில் அது பல வினாக்களின் தொகுதி. வரைவோன் கேட்பது, இதனை வரையாது விட்டால் எவரேனும் இழப்பரோ என்பது. விளம்பரதாரர் கேட்பது, போதிய பகுதி போதிய நேரம் தெரிந்ததா என்பது. காவலன் கேட்பது, பயனர் ஏமாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி உண்டா என்பது. வாசிக்கும் செயலி கேட்பது, இது இப்போது பயனருக்குரிய பொருளா என்பது. வினா வேறாயின் விடையும் வேறாகும். வேறு வேறு விடைகளுக்கு ஒரே பெயரை இட்டு வழங்குவதே இவ்வழுக்களில் பலவற்றுக்கு வேர் என்பது நம் துணிபு.

கருதல் அளவை சிலபோது தவறியே தீரும். தவறாத கணக்கை எவரும் தரவல்லர் அல்லர். அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? தவறினால் எப்பக்கம் தவறுவது என்பதை முன்னரே துணிந்து வைத்தலே செய்யத்தக்கது. இழப்பு எப்பக்கம் சிறிதோ அப்பக்கம் கணக்குச் சாயவேண்டும். வரைவோனுக்கு ஐயம் வந்தால் வரைந்துவிட வேண்டும். தெரியாத ஒன்றை வீணாக வரைந்தால் சிறிது மின்சாரம் செலவாகும். தெரியவேண்டியதை வரையாது விட்டால் பயனர் தம் விண்ணப்பத்தின் பொத்தானையே காணமாட்டார். காவலனுக்கு ஐயம் வந்தால் தெரியவில்லை என்று கூறிவிடவேண்டும். நேர்மையான பொத்தானை ஒருமுறை தடுத்தால் சிறு தொல்லை. வஞ்சகப் பொத்தானை ஒருமுறை விட்டால் பெருங்கேடு.

இது நாம் கற்பனையில் வகுத்த அறம் அன்று; இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நடைமுறையிலேயே உண்டு. இன்டர்செக்ஷன் அப்சர்வர் கருவியின் இரண்டாம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் வெளிவந்தது. அது கிளிக்ஜாக்கிங் போன்ற வஞ்சகங்களைத் தடுத்தலையே நோக்கமாகக் கொண்டது. ஓர் உறுப்பு நேராகத் தள்ளப்பட்டிருந்தாலும், வடிவம் குலையாமல் சீராகப் பெருக்கப்பட்டிருந்தாலும் அதனை ஏற்கும். வேறு எவ்வகை உருமாற்றம் இருப்பினும், சுழற்றலாயினும், சாய்த்தலாயினும், சுருக்கலாயினும், தெரிகின்றது என்று உறுதி கூற அது மறுத்துவிடும். நம் கண்ணுக்கு அவ்வுறுப்பு நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பினும் மறுக்கும். தெரிவதைத் தெரியவில்லை என்று கூறும் பிழை பொறுக்கத்தக்கது, தெரியாததைத் தெரிகின்றது என்று கூறும் பிழை பொறுக்கத்தகாதது என்பது அதன் விதியிலேயே அமைந்துள்ளது. இக்கணக்குக்குச் செலவு மிகுதி ஆதலின், இரு விடைகளுக்கு இடையே நொடியின் பத்திலொரு பங்கேனும் கழியவேண்டும் என்றும் விதித்துள்ளனர். அறியாமையை மறைக்காமல், அதன் எல்லையைக் குறித்து, அதனை யார்மேலும் பெருஞ்சுமையாக ஏற்றாமல் அமைத்த அம்முறையை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இது புதிய கருத்து அன்று. நன்னூலார் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்னும் மூன்றாவதையும் வைத்தார். உவப்பினால் ஒரு பசுவை அம்மை என்று உயர்திணையாகச் சொல்லின், அது வழுவேயாயினும் காரணம் உண்மையின் அமைக்கப்படும். வழுவமைதிக்கு உயிர்நிலை காரணம். காரணம் காட்டாமல் எப்பிழையையும் இலக்கணம் அமைப்பதில்லை. உலாவியின் வழுவையும் இவ்வாறே பகுத்தல் தகும். பயனரைக் காத்தற்பொருட்டுத் தெரிவதைத் தெரியவில்லை என்று காவற்கணக்குக் கூறின், அது வழுவமைதி. கண்ணுக்குப் பின்னுள்ள மூலையை வெட்ட மறந்து, முன்னிற்கும் அட்டையை வரைவோன் மறைப்பின், அது வெறும் வழு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, கணினியில் பிழை சகஜம் என்று தோள்களைக் குலுக்கிவிட்டுப் போவது ஆராய்ச்சி ஆகாது.

இக்கருத்துக்கு மறுப்புரைகள் எழக்கூடும். வரைந்து முடித்த பிக்சல்களையே நோக்கித் தீர்ப்புக் கூறினால் கருதலே வேண்டா, காட்சியே கிடைத்துவிடுமே என்பர் ஒருசாரார். வரைந்தபின்னரே தீர்ப்பெனின், வரையாது விடும் சிக்கனம் முதலிலேயே போய்விடும். அன்றியும் வெண்மை நிறப் பின்னணியில் வெண்மையாக எழுதிய எழுத்து, பிக்சலாக இருந்தும் எவர்க்கும் தெரியாது. ஆகவே பிக்சலும் முழுக்காட்சி ஆகாது. ஐயம் வந்தபோதெல்லாம் வரைக என்றால் விரைவு குன்றுமே என்பர் மற்றொரு சாரார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், ஐயம் எழுவது எல்லா உறுப்புகளுக்கும் அன்று. சாய்ந்தனவும் சுழன்றனவும் முப்பரிமாணத்தில் திரும்பினவும் ஆகிய சிலவற்றுக்கே. அச்சிலவற்றுக்குச் செலவிடும் நேரம், பொத்தான் தோன்றாமல் மீண்டும் மீண்டும் பக்கத்தைத் திறக்கும் பயனர் இழக்கும் நேரத்தினும் சிறிதேயாகும்.

இனி நம் வேண்டுகோள். உலாவிகளையும் நூலகங்களையும் ஆக்குவோர், தெரிகின்றது என்னும் பொதுப்பெயரைக் குறைத்து, இடம் பெற்றுள்ளது, திரையை எட்டியுள்ளது, மூடப்படவில்லை, வாசிக்கத்தக்கது என்று வினாவுக்குத் தக்க பெயர் இடுதல் வேண்டும். ஒவ்வொரு சோதனையின் விளக்கத்திலும் அஃது உருமாற்றத்தை நோக்குகின்றதா இல்லையா, தவறினால் எப்பக்கம் தவறும் என்பதை முதல் வரியிலேயே எழுதுதல் வேண்டும். எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக வெப் பிளாட்பார்ம் டெஸ்ட்ஸ் என்னும் சோதனைத் தொகுதி உண்டு. சாய்ந்த கோலையும் சுழிக்குச் சுருங்கிய பொத்தானையும் கண்ணுக்குப் பின் சென்ற மூலையையும் அதில் ஓயாது சேர்த்தல் வேண்டும். பக்கம் எழுதுவோர்க்கும் கடமை உண்டு. கண்ணுக்கு மறைத்த ஒன்றைச் செவிக்கும் விரலுக்கும் மறைக்கவேண்டுமாயின், உருமாற்றத்தை மட்டும் நம்பாமல் அதற்கென்று உள்ள விதியைச் சேர்த்து எழுதவேண்டும். உறுப்பைச் செயலற்றதாக்கும் இனெர்ட் என்னும் குறிப்பு 2023ஆம் ஆண்டுமுதல் பெரிய உலாவிகள் யாவற்றிலும் இயங்குகின்றது. ஒரு சொல்லைச் சேர்த்தால் கண்பார்வை இல்லாத ஒரு மாணாக்கருக்கு வினாவுக்கும் விடைக்கும் இடையே எண்ணும் பொழுது கிடைக்கும். அதனைச் செய்யாதிருத்தற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

மாணவ நண்பர்களே! கணினி பயில்வோர் மட்டுமே இதனைக் கருதவேண்டும் என்று எண்ணற்க. நாம் அனைவரும் நாளை ஏதேனும் ஒரு துறையில், இது உண்டு, இது இல்லை என்று தீர்ப்புக் கூறும் இடத்தில் இருப்போம். பெரும்பாலும் கண்ணால் கண்டு கூறோம். பட்டியலையும் எண்ணையும் பெட்டியையும் கொண்டே கூறுவோம். நேரான பெட்டிக்கு நேரான கணக்குப் பொருந்தும். சாய்ந்து நிற்பவரும் திரும்பி நிற்பவரும் ஓரத்தில் நிற்பவரும் கணக்கின் முன் வரும்போது, நம் கணக்குத் தவறினால் இழப்பவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக. அவ்வினாவைக் கேட்டபின் வகுத்த கணக்கே, கண் இல்லாவிடினும் காணத்தக்கதைக் காட்டும்.